ஓட்டல் நூலும் மூன்றாவது முடிச்சும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருசக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை எழுத உட்கார்ந்து, அம்மன் படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத வராது என்பது ஒரு காரணம். தாலிக்கயிறு அறுந்த கதையைத் தாலி கட்டிக்கொண்டவளே எழுதலாமா என்பது அதைவிடப் பெரிய காரணம். எங்கள் பக்கத்தில் 'அறுந்தது' என்று வாயால் சொல்லக்கூட மாட்டோம், 'பெருகிப் போச்சு' என்போம். இது இரண்டையும் தாண்டி என் நாத்தனார் இருந்தார். "என்னை இதுல இழுக்காத, ஊர் வாய்க்கு என்னால பதில் சொல்ல முடியாது" என்று தடுத்து வைத்திருந்தார். போன பொங்கலுக்கு அவரே, "எழுதணும்னா எழுது. நடந்ததை மட்டும் எழுது" என்றார். அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுக்கு ஊர் பாகூர் பக்கம் குருவிநத்தம். வூட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற நேரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று யார் கூப்பிட்டாலும் போவார். அந்த வருசம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு இருக்கிறது, பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேனைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். ஆபரேசனுக்கு முதலில் குறித்த நாள் ஆடி மாசத்தில் வந்தது. "ஆடியில உடம்புல கத்தி வைப்பாங்களா?" என்று தள்ளினார். அடுத்து ஒரு நாள் குறித்தார்கள். அதற்குள் அவருடைய சித்தப்பா தவறிப்போய்த் தீட்டு வந்தது. "பாத்தியா, சாமியே வேணாங்குது" என்றார். மூன்றாவதாக ஆவணியில் ஒரு திங்கட்கிழமை குறித்துக் கொடுத்து, "இதுக்கு மேல தள்ளினா என்னைப் பாக்க வராதீங்க" என்று டாக்டர் சொன்னார்.

மனுசன் கோழை இல்லை. மழைக்காலத்தில் ரோட்டுக்கு மேல் தண்ணீர் போகும்போது பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி அந்தப் பக்கம் சேர்த்தவர். ஆனால் மயக்க மருந்து என்றால் அவருக்கு உள்ளே ஏதோ சுருங்கிவிடும். "தூங்க வச்சிட்டு எழுப்ப முடியலன்னா இன்னாமே பண்ணுவ?" என்று கேட்பார். அதற்கப்புறம் எல்லாவற்றிலும் சகுனம் தேட ஆரம்பித்தார். பல்லி கத்தினால் ஒரு பார்வை. பால் பொங்கி அடுப்பு அணைந்தால் ஒரு பார்வை. நானும் சகுனம் பார்க்கிறவள்தான். ஆனால் இவரை அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியே தீருவது என்று முடிவு பண்ணியிருந்தேன். வேறு எதையும் அப்போது நான் அம்மனிடம் கேட்கவில்லை.

ஆபரேசனுக்கு இரண்டு நாள் முன்னால் எங்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போன் பண்ணினாள். "டவுன்ல ஒரு ஓட்டல்ல ரூம் போட்டிருக்கேன்மா. ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி ஒரு நாள் ரெண்டு பேரும் நிம்மதியா இருங்க. கார் வரும், அதே கார்ல திரும்பிடலாம்."

"அரிசி ஊற வச்சிருக்கேனேடி" என்றேன்.

"அரிசி எங்கயும் ஓடிடாது. கெளம்பு."

சனிக்கிழமை மத்தியானம் அந்த வெள்ளைக் கார் எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது. யாராவது செத்துவிட்டார்களா என்று பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த ஓட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் பழைய சுண்ணாம்புச் சுவர். உள்ளே போனால் கோயில் மண்டபம் மாதிரி உயரம், குளிர்ச்சி. வாசலில் உடைந்த படகுப் பலகைகளை அடுக்கி ஒரு ஆள் உருவம் செய்து நிறுத்தியிருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய படம், முழுக்க நீலம், ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. கண்ணாடியில் ஊதின பூசணிக்காய்கள், வளைந்த இரும்பு, கல். எது நாற்காலி, எது கலைப்பொருள் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. வூட்டுக்காரர் பயந்துபோய் எதிலும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். "காசு குடுத்து ரூம் போட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கற மாதிரி நிக்கறேன் பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பல நாள் கழித்து வந்த சிரிப்பு.

எங்கள் அறைக்குப் போகும் வழியில் ஒரு கூடம். அதன் கூரையிலிருந்து தரை வரைக்கும் வெள்ளைப் பருத்தி நூலாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது அப்படியே நின்றுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. நடுவில் ஒரு ஆள் நடந்து போக வழி. யாரோ வெளிநாட்டு அம்மா வந்து மாதக்கணக்கில் தங்கி, ஒவ்வொரு நூலையும் கையாலேயே முறுக்கித் தொங்கவிட்டதாம். வரவேற்பில் இருந்த பெண் எங்களைக் கூட்டிப் போகும்போது, "உள்ள நடக்கலாம் மேடம், தொடக்கூடாது" என்றாள். நான் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நடந்தேன்.

அறை எங்கள் வீடு மொத்தத்துக்கும் பெரிது. மெத்தை, பூ, பழம், நாங்கள் வரப்போகிறோம் என்று தெரிந்து வைத்த கேக். மூலையில் ஒரு மேடைமேல் வெண்கலத்தில் ஒரு தலை. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. கண் மூடியிருந்தது.

வூட்டுக்காரர் அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். "இன்னாமே இது, மயக்க மருந்து குடுத்த மாதிரி."

"அது பொம்மை" என்று சொல்லி ஒரு துண்டை எடுத்து அதன் தலையில் முக்காடு போட்டு மூடினேன். கல்யாண நாளுக்கு வந்த இடத்தில் அதுவும் ஒரு சொந்தக்காரர் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் பால்கனியில் கடல் காற்று வாங்கினோம். கேக்கில் அவர் ஒரு விள்ளல் எனக்கு ஊட்டினார். கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆடிப்பெருக்கு அன்றைக்குத் தாலிக்கயிறு மாற்றுவோம். புதுக் கயிற்றைக் கழுத்தில் நானே முடிந்துகொண்ட பிறகுதான் பழையதைக் கழற்றுவேன், கழுத்து வெறுமையாகாது. அந்த வருசம் சித்தப்பா தீட்டில் மாற்றவில்லை. பழைய கயிறு மஞ்சள் வெளுத்துப் பஞ்சு பஞ்சாக இருந்தது. ஆபரேசன் நல்லபடியாக முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததும் ஒரு நல்ல நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் குளிக்கப் போனேன். அந்தக் குளியலறையில் ஒரே கல்லில் குடைந்த தொட்டி. தண்ணீர் குழாயை மரக்கிளை மாதிரி செய்திருந்தார்கள், கொம்பும் கணுவுமாக. பாவாடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிக் குளித்தேன். எழுந்திருக்கும்போது கல் வழுக்கியது. குழாயைப் பிடித்தேன். கொம்பில் கயிறு மாட்டியது தெரியாமல் நிமிர்ந்தேன்.

சத்தம்கூட இல்லை. கழுத்து லேசாகிவிட்டது, அவ்வளவுதான்.

தாலியும் தங்கக் குண்டும் பவழமும் தண்ணீருக்குள் போவதற்குள் மார்போடு சேர்த்து அமுக்கிப் பிடித்துவிட்டேன். ஒன்றும் தவறவில்லை. ஆனால் கால் நடுக்கத்தில் தொட்டி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தாயே, இது என்ன என்று கேட்டேன். இருபத்தைந்து வருசம் காய்ச்சலிலும் பிரசவத்திலும் கழுத்தை விட்டு இறங்காதது. நாளைக்கு ஆபரேசன். இதை அவர் பார்த்தால் அவ்வளவுதான், ஊருக்கு வண்டி ஏறிவிடுவார், பிறகு எந்த டாக்டரிடமும் போக மாட்டார். அந்த நினைப்பு வந்ததும் நடுக்கம் நின்றது. நின்றது என்றால் நான் நிறுத்தினேன்.

புடவை ஓரத்தைக் கிழித்துக் கட்டலாமா என்று யோசித்தேன். கிழிந்த துணியில் தாலி கோர்க்கக் கூடாது. அவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். தாலியை இடது கைக்குள் பொத்தி நெஞ்சோடு வைத்து, ஒற்றைக் கையால் புடவையைச் சுற்றி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்தேன்.

வரவேற்பில் அதே பெண். மூலக்குளத்துப் பெண், கல்யாணமானவள் என்று பிறகு தெரிந்தது. "மேடம், காபி வேணுமா?"

"பாப்பா, எனக்கு ஒரு கயிறு வேணும்."

"துணி காயப் போடவா மேடம்?"

முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. மேடம் போய் அம்மா வந்தது. "ஐயோ, இருங்கம்மா." மேசையைத் துழாவினாள். ஊக்கு, ரப்பர் பேண்டு, சட்டைப் பட்டன் தைக்கிற மெல்லிய நூல். ஒன்றும் உதவவில்லை. சட்டென்று தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். "இந்த நாடா கெட்டியா இருக்கும்மா. இப்போதைக்குக் கட்டிக்கங்க."

"அதுல ஓட்டல் பேர் போட்டிருக்கே. நான் என்ன ஓட்டலுக்கா வாக்கப்பட்டேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். அப்போதுதான் என் கண் அந்தக் கூடத்துப் பக்கம் போனது. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அதை மட்டும் கேக்காதீங்க. ஒரு நூலைத் தொட்டா என் வேலை போயிடும்."

"நான் தொட மாட்டேன். திருட்டு நூல்ல தாலி கட்டிக்க மாட்டேன். உங்க பெரியவர் யாரோ அவர்கிட்ட போனைப் போட்டுக் குடு, நான் கேக்கறேன்."

"ஞாயித்துக்கிழமைம்மா. தூங்கிட்டு இருப்பாரு."

"எழுப்பு."

எழுப்பினாள். அவரும் நல்ல மனுசர். நான் தமிழில் சொல்ல, அவர் பாதி தமிழில் கேட்டுக்கொண்டார். தொங்குகிற நூலை யாருக்காகவும் வெட்ட முடியாது. ஆனால் தங்க வருகிறவர்களின் குழந்தைகள் இழுத்து அறுத்துவிடும் என்று அந்த வெளிநாட்டு அம்மா ஒரு கண்டு நூலைத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறதாம், படிக்கட்டுக்குக் கீழே அலமாரியில் இருக்கும், அதில் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் போனுக்குக் கும்பிடு போட்டேன்.

நூல் கிடைத்தது. மஞ்சள்? ஓட்டல்காரர்கள் காலையில் பச்சை மஞ்சளை அரைத்துச் சாறு எடுத்துச் சின்னக் குவளையில் குடிக்கக் கொடுக்கிறார்கள். அந்தப் பெண் சமையல்கட்டுக்கு ஓடி ஒரு குவளை கொண்டுவந்தாள்.

"இதுல எலுமிச்சை, மிளகு ஒண்ணும் போடலியே?"

"போடறதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டு வந்துட்டேன்க்கா."

அம்மாவும் போய் அக்கா வந்துவிட்டது. நூலை நாலாக மடித்து முறுக்கினோம். ஒரு கையால் நானும், இரண்டு கையால் அவளும். சாற்றில் நனைத்து எடுத்தபோது, சொன்னால் நம்புங்கள், கடைக் கயிற்றைவிட நல்ல நிறம். கிழக்குப் பார்த்து, அந்த நூல் கூடத்தின் ஓரத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாலியையும் குண்டையும் கோர்த்தேன். உட்கார்ந்தால் முடியும்வரை எழக்கூடாது, பேசக்கூடாது. கோர்த்து முடித்துக் கழுத்துக்குக் கொண்டு போகும்போது, "இன்னாமே, இங்க உட்காந்துகினு இருக்க?" என்று குரல் கேட்டது.

வூட்டுக்காரர். நூல்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

என் வெறும் கழுத்தைப் பார்த்தார். கையிலிருந்த புதுக் கயிற்றைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரு வளைந்த மரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். அது உட்காரக் கூடாத பொருளாம். அந்தப் பெண் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"சரி" என்றார். "இதுக்கு மேல இன்னா சொல்லணும்? நான் வரல. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிடு."

பேசக்கூடாது என்பதை அப்போது விட்டேன். சாமி மன்னிக்கும். "ஆடிக்கு மாத்த வேண்டிய கயிறு. நைஞ்சு போன கயிறு. குழாய்ல மாட்டிச்சு. இதுல சகுனம் எங்க இருந்து வந்துச்சு?"

"உனக்குத் தெரியாதா? நீதான் எல்லாத்துக்கும் சகுனம் பாக்கறவ."

"பாக்கறேன். நான் பாத்ததைச் சொல்லட்டுமா? அறுந்து அஞ்சு நிமிசத்துல அம்மன் நூல் குடுத்தா. மஞ்சளையும் அரைச்சுக் குடுத்தா. அவ குடுக்கறா, நீ வேணாங்கற. எழுந்து வந்து கட்டு."

"நானா?"

"வேற யாரு? அன்னிக்கும் நீதான கட்டின?"

அவர் வந்து என் பின்னால் மண்டி போட்டார். ஒரு முடிச்சு போட்டார். இரண்டாவது முடிச்சு போட்டார். கையை எடுத்துவிட்டார்.

"இன்னொண்ணு" என்றேன்.

"மூணாவது எங்க அக்கா போட்டது" என்றார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "நாத்தனார் முடிச்சு. நான் போடக் கூடாது. அவளும் இனிமே போட முடியாது. அப்ப அது முடியாதுன்னுதான அர்த்தம்?"

கல்யாணத்தில் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போட்டால் மூன்றாவதை அவர் கூடப் பிறந்தவள் போட வேண்டும். அவருக்கு ஒரே அக்கா, செல்லிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவர். அன்றைக்கு நெற்றி நிறையக் குங்குமத்தோடு அவர்தான் போட்டார். அவருடைய வீட்டுக்காரர் நெஞ்சு வலிக்குச் சுக்குக் காபி குடித்துக் குடித்தே, டாக்டரைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் அவர் பந்தலுக்குள் வந்ததில்லை. அடுப்படியில் நிற்பார். யாரும் போகச் சொன்னதில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை.

"நான் வேணா போடட்டுமாக்கா?" என்று அந்த ஓட்டல் பெண் கேட்டாள். நல்ல மனசு. தலையசைத்து வேண்டாம் என்றேன். இவர் சொன்னதற்குப் பதில் இவருடைய அக்காவிடம்தான் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அது அம்மன் தோன்ற வைத்ததுதான்.

"எழுந்திரு. செல்லிப்பட்டு போறோம்."

"டிபன் சாப்பிடலியே" என்றார், அந்த நேரத்திலும்.

டிபன் வரிசையாக அடுக்கியிருந்தது, வெள்ளைக்காரர் சாப்பிடுகிறது, நம்மவர் சாப்பிடுகிறது என்று இரண்டு பக்கமும். அந்தப் பெண் இரண்டு பேருக்கும் பொட்டலம் கட்டிக் காரில் வைத்தாள். மூலக்குளம் வந்தபோது இவர் இட்லியைப் பிரித்தார். வில்லியனூர் தாண்டும்வரை சாப்பிட்டார். நான் இரண்டு முடிச்சைக் கையால் பிடித்தபடியே வந்தேன்.

வெள்ளைக் காரைப் பார்த்து நாத்தனார் மாட்டுக் கொட்டகையிலிருந்து சாணிக் கையோடு வந்தார். "டேய் தம்பி, நாளைக்குத்தான ஆஸ்பத்திரி? இன்னிக்கே எவன் கார்ல ஊர் சுத்தறே?"

நடந்ததை நான் சொன்னேன். கடைசியில், "மூணாவது முடிச்சு நீங்க போடணும் அண்ணி" என்றேன்.

அவர் இரண்டு அடி பின்னால் போனார். "பைத்தியமா உனக்கு? என் கையாலயா? போய் அக்கம்பக்கத்துல நல்லவ யாரையாவது கூப்பிடு."

"கல்யாணத்துல நீங்க போட்ட முடிச்சுலதான் இத்தனை வருசம் நின்னோம். அதே கைதான இது?"

"அப்ப எனக்குத் தாலி இருந்துச்சு."

"முடிச்சு போட்டது தாலியா, கையா?"

அவர் தொட்டியில் போய்க் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். புடவையில் துடைத்துக்கொண்டு வந்து தம்பிக்கு முன்னால் நின்றார்.

"நல்லா கேட்டுக்க. இதை நான் போட்டா, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊர்ல எல்லாரும் என் கையைத்தான் சொல்லுவான். நீ ஆபரேசன் பண்ணிக்காம வூட்டுல உட்காந்து செத்தாலும் என் கையைத்தான் சொல்லுவான். சொல்லிட்டுப் போறான், நான் தாங்கிக்கறேன். ஆனா நீ நாளைக்குப் போகணும். உங்க மாமா மாதிரி சுக்குக் காபி குடிச்சுகினு உட்காரக் கூடாது. போறேன்னு சொல்லு, போடறேன். இல்லன்னா வண்டியத் திருப்பிகினு போ."

அக்கா சொன்னதில் அக்காவுக்கு என்ன போகும் என்று வூட்டுக்காரருக்குப் புரிந்தது. நான் மாதக்கணக்கில் மன்றாடியும் புரியாதது.

"எழுப்பலன்னா?" என்று கேட்டார், சின்னப் பிள்ளை மாதிரி.

"நான் வெளிய உட்காந்திருப்பேன். எழுப்பலன்னா உள்ள வந்து நானே அறைஞ்சு எழுப்பறேன்."

"போறேன்க்கா" என்றார்.

நாத்தனார் என் பின்னால் வந்தார். ஈரக் கை, சில்லென்று இருந்தது. வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே முடிச்சை இறுக்கினார். இறுக்கிவிட்டு அந்த முடிச்சின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார், விடவில்லை. என் முதுகில் சொட்டியது கை ஈரம் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை நாத்தனார்தான் முன்னால் நடந்தார், ஆஸ்பத்திரி வாசலுக்கு. ஆபரேசன் முடிந்து கண் திறந்ததும் வூட்டுக்காரர் கேட்ட முதல் வார்த்தை, "அக்கா அறைஞ்சாளா?" இன்றைக்கும் வேன் ஓட்டுகிறார். பழையபடி கோபப்படுகிறார், கருவாட்டில் உப்பு அதிகம் என்று சண்டை போடுகிறார். அந்த ஓட்டல் கயிற்றை அடுத்த ஆடிப்பெருக்கில் மாற்றினேன். மூன்றாவது முடிச்சு அப்போதும் நாத்தனார்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு வருசமும் அவர்தான்.

இப்போது நான் எழுத வந்த காரணத்துக்கு வருகிறேன். இந்தக் கதை பாகூர் பக்கம் சுற்றிச் சுற்றி வேறு கதையாகிவிட்டது. அம்மனே சின்னப் பெண் வேசத்தில் ஓட்டலுக்கு வந்து கயிறு கொடுத்தாள் என்கிறார்கள். அம்மன் அங்கே இருந்தாள், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வந்தது மூலக்குளத்துப் பெண், வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு எனக்காகப் போன் போட்டவள். ஒரு சிலர், முடிச்சு போட்டது ஒரு பழுத்த சுமங்கலி என்கிறார்கள். ஆபரேசனே நடக்கவில்லை, கயிற்றின் மகிமையில் அடைப்பு கரைந்துவிட்டது என்றுகூட என் காதுபடச் சொன்னார்கள். அதைக் கேட்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

அதனால் கேட்கிறேன். இதைப் படித்தவர்கள் உங்கள் வீட்டில் சொல்லுங்கள், நெஞ்சு வலியை மறைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்குச் சொல்லுங்கள். பெரிசாக்க வேண்டாம். குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, அந்த மூன்றாவது முடிச்சை என் நாத்தனார் கையிலிருந்து பிடுங்கி வேறு யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக்காரரைப் பறிகொடுத்த கை. சாணி கழுவின கை. அந்தக் கைதான் போட்டது.